வெறுங்குளத்து மீன்கள் ஏன் கொழுத்தன?

அத்தியாயம் 4

மீன் கொழுத்துவிட்டது என்பதற்காக ஒரு மனிதனை வேலையை விட்டுத் துரத்தப்போகிறார்கள் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. சிரித்த வாயை நான் மூடுவதற்குள் விமலேஸ்வரி அக்கா என் ஓட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

“அக்கராயனுக்கு விடும், அஜந்தன். பின்னேரம் நாலு மணிக்கு முதல் முடிக்கவேணும்.”

“போன கிழமை களவுபோன தண்ணிப்பம்பு. இந்தக் கிழமை கொழுத்த மீன். அடுத்த கிழமை மெலிஞ்ச மாடோ அக்கா?”

“மாடு மெலிஞ்சால் எங்களைக் கூப்பிடமாட்டினம். நிவாரணம் கேட்டு ஊர் விதானையிட்டப் போவினம். ரோட்டைப் பாத்து ஓட்டும்.”

அக்காவைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனிக்காக எரிந்த கடைகளையும் கவிழ்ந்த லொறிகளையும் பார்த்து, எது மெய், எது புளுகு என்று எழுதிக்கொடுத்தவர். ஓய்வுபெற்ற பிறகு கிளிநொச்சியில் ஒரு தையற்கடைக்கு மேலே ‘விசாரணைகள்’ என்று பலகை மாட்டினார். நான் அவருடைய ஓட்டோக்காரன், உதவியாளன், ஏச்சு வாங்குபவன். அண்ணன்மார் மூன்று பேரும் வெளிநாட்டில். அம்மாவும் போன பிறகு வீட்டில் என் கதையைக் கேட்க ஆளில்லை; அதனால்தான் வெளியில் இவ்வளவு அலட்டுகிறேன் என்று அக்கா சொல்வார். சொல்லட்டும். அவர் வீட்டில் மட்டும் என்ன திருவிழாவா நடக்கிறது? இரண்டு கதிரை. ஒன்றில் ஆள், மற்றதில் பழைய பேப்பர்.

எங்களைக் கூப்பிட்டது கஜேந்தினி என்ற பெண். மீன் வளர்ப்பைப் பற்றி மேற்படிப்புப் படிக்கிறாள். தவராசா என்பவருடைய பண்ணையில் இரண்டு குளங்களைக் கேட்டு வாங்கி ஒரு பரிசோதனை செய்துகொண்டிருந்தாள். வாசலிலேயே நின்றாள். அழுது முடித்த முகம்.

“அக்கா, ரெண்டு குளம். ரெண்டிலயும் நானூறு நானூறு திலாப்பியாக் குஞ்சு. ஒரே நாளில விட்டது. ஒரே தீனி, ஒரே அளவு. ஒரு வித்தியாசம்தான். இந்தக் குளத்துத் தீனியில உள்ளிப்பூண்டுப் பொடி கலக்கிறது. உள்ளிப்பொடி போட்டால் மீன் கூட வளருதோ எண்டு பாக்கிறதுதான் என்ர படிப்பு. இதை மருந்துக்குளம் எண்டுவம். மற்றதுக்குப் பொடி இல்லை, அது வெறுங்குளம்.”

“ஐஞ்சு மாசத்தில என்ன நடந்தது?” என்றார் அக்கா.

“மருந்துக்குளத்து மீன் சராசரி இருநூற்றுப் பத்துக் கிராம். வெறுங்குளத்து மீன் இருநூற்றுத் தொண்ணூறு.”

“உள்ளியை மீனுக்குப் போடாமல் குழம்புக்குப் போட்டிருக்கலாம்” என்றேன் நான். இரண்டு பெண்களும் என்னைப் பார்க்கவில்லை.

“என்ர படிப்புப் பிழைச்சால் பரவாயில்லை அக்கா, திருப்பிச் செய்யலாம். ஆனா தவராசா அண்ணை இந்த நம்பரைப் பாத்துப்போட்டு, காவல்காரன் வீரையா மருந்துக்குளத்துத் தீனியைக் களவாய் வித்துப்போட்டான், மீன் பட்டினி கிடந்து வளரேல்லை எண்டுறார். இண்டைக்கு நாலு மணிக்கு வந்து கொட்டில் பூட்டின்ர திறப்பை வாங்கப்போறாராம். வீரையாவுக்கு இந்தக் காவல் கொட்டிலை விட்டால் போக இடமில்லை. நான் எழுதின நம்பரால ஒரு மனுசன் தெருவில நிக்கக்கூடாது.”

வீரையா குளக்கட்டில் நின்றார். அறுபது வயது தாண்டிய ஒல்லி மனிதர். எழுபத்தேழு கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டு ஓடிவந்த குடும்பம். மனைவி இல்லை. மகள் கலியாணம் முடித்து நெளுக்குளத்தில் இருக்கிறாள். வருடத்தில் ஒரு தடவை வருவாள். பதினொரு வருடமாக இந்தப் பண்ணைக் கொட்டிலில் ஒற்றை ஆளாகக் கிடக்கிறார். பக்கத்தில் போனதும் எனக்கு ஆட்டிறைச்சிக் கறி ஞாபகம் வந்தது. தீனி கலந்து கலந்து கை, சட்டை, தலைமயிர் எல்லாம் உள்ளி மணம்.

“தீனியை எடுத்து வித்தனீங்களோ?” அக்கா நேராகக் கேட்டார்.

“இல்லீங்கம்மா.” அவரும் நேராக அக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

“வேற ஆராவது இந்தக் குளத்துக்கு வந்து போறவையோ?”

இந்தமுறை அவர் நிலத்தைப் பார்த்தார். “தெரியலீங்க.”

“உங்களைப் போகச்சொல்லப் போயினம். தெரியுமோ?”

“மொதலாளி சொன்னாருங்க. பொட்டியக் கட்டி வச்சிட்டேன்.”

கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தேன். உண்மைதான். ஒரு பெட்டி, ஒரு பாய், கயிற்றால் கட்டி நிறுத்தியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. ஒரு மனிதனைக் கள்ளன் என்கிறார்கள். ஒரு சத்தம் போட வேண்டாமா? ‘நான் எடுக்கவில்லை’ என்று துள்ளவேண்டாமா? வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நிற்கிறாரே!

அக்கா குளக்கட்டில் இருந்த பூவரசமர நிழலில் நின்று கஜேந்தினியைக் கேட்டார். “பிள்ளை, இந்த இனம் ஐஞ்சு மாசத்தில சாதாரணமாய் எவ்வளவு வளரும்?”

“இருநூறு அளவில வரும்.”

“மருந்துக்குளத்தில இருநூற்றுப் பத்து. அப்ப அதுகள் எங்க பட்டினி கிடந்தது?”

கஜேந்தினி மருந்துக்குளத்தை எட்டிப் பார்த்தாள்.

“எல்லாரும் மெலிஞ்சதைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள். மெலிஞ்சது ஒண்டுமில்லை. உந்த வெறுங்குளம்தான் கணக்கை மீறிக் கொழுத்திருக்கு. கள்ளன் வந்தால் குறையும். இங்க கூடியிருக்கு. ஆரோ குடுத்திருக்கினம்.”

“கள்ளன் வந்து வச்சிட்டுப் போறானோ? அப்படி ஒரு கள்ளனை என்ர வீட்டுக்கும் அனுப்புங்கோ அக்கா” என்றேன்.

“அனுப்புறன். முதல் கண்டுபிடிப்பம். பிள்ளை, நீர் எத்தினை நாளுக்கு ஒருக்கால் இங்க வாறனீர்?”

“பதினைஞ்சு நாளுக்கு ஒருக்கால். காலமை வந்து மீனை நிறுத்துப்போட்டுப் போயிடுவன். தவராசா அண்ணையும் காலமைதான் எட்டிப் பாப்பார்.”

“அப்ப மத்தியானத்தில இங்க என்ன நடக்குது எண்டு தெரிஞ்சது வீரையாவுக்கு மட்டும்தான்.”

வீரையா காதில் விழாத மாதிரி வலையை மடித்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றரை. எனக்குப் பசி. வரும் வழியில் வாங்கிய சோற்றுப் பார்சலை மதகுக் கட்டில் வைத்துப் பிரித்தேன். வீரையா தன் தகரத் தட்டத்தைக் கொண்டுவந்து தந்தார். அப்போதுதான் அக்கா வானத்தைப் பார்த்து, “அஜந்தன், நீர் சோத்தைப் பிரிச்சு வச்சிருக்கிறீர். ஒரு காகத்தையாவது கண்டீரோ?” என்றார்.

பார்த்தேன். ஒன்றும் இல்லை. குளங்களுக்கு மேலே நூலில் கட்டிய பழைய சீடித் தட்டுகள் மட்டும் வெயிலில் மினுங்கின.

“நீர்க்காகமும் கொக்கும் வந்து குஞ்சுகளைத் திண்டதுகள்” என்றாள் கஜேந்தினி. “முதல் மாசம் முழுக்க யானைவெடி கொளுத்திக் கலைச்சனாங்கள். அதோட இந்தச் சீடியையும் கட்டினம். ஊர்க்காகமும் சேர்ந்து ஓடிட்டுது. இந்தப் பக்கத்துக்கே வாறதில்லை.”

காகம் இல்லாத ஊரும் ஒரு ஊரா! எங்கள் அம்மா உயிரோடு இருந்த காலத்தில், அப்பாவுக்கென்று காகத்துக்கு ஒரு பிடி வைக்காமல் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. அந்த நினைப்பில், கொஞ்சம் பகிடிக்காகவும்தான், தட்டத்தை மதகின் சீமெந்தில் டங், டங் என்று தட்டிக் கூப்பிட்டேன்.

“கா... கா... கா...”

காகம் வரவில்லை. வெறுங்குளத்துத் தண்ணீர் ஒரு மூலையில் கொதித்தது.

நான் நின்ற இடத்தில் அல்ல. எனக்கு எதிர்ப்பக்கம், கதியால் மரங்கள் நட்ட வேலியை ஒட்டிய கிழக்கு மூலையில். நூற்றுக்கணக்கான மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வாயைப் பிளந்துகொண்டு நின்றன. பக்கத்து மருந்துக்குளம் அசையவே இல்லை.

“திருப்பிக் கூப்பிடும்” என்றார் அக்கா.

“அக்கா, சனம் பாத்தால் எனக்கு விசர் எண்டு நினைக்கும்.”

“அது ஊருக்குத் தெரிஞ்ச விசயம்தானே. கூப்பிடும்!”

கூப்பிட்டேன். திரும்பவும் அதே மூலை, அதே கொதிப்பு. வீரையா அவசரமாக என்னிடம் வந்தார். “சோறு ஆறிப்போயிருங்க. ஒக்காந்து சாப்பிடுங்க தம்பி.” அந்த மனிதர் அன்று எங்களிடம் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அக்கா அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேலிமூலைக்கு நடந்தார்.

மூலையில் இரண்டு கதியாலுக்கு நடுவே ஒரு ஆள் குனிந்து நிற்கும் அளவுக்கு இடைவெளி. அந்தப் பக்கம் வற்றிப்போன வாய்க்கால். வாய்க்காலைக் கடந்து ஒரு ஒற்றையடித் தடம் ஒரு வீட்டின் குசினிவாசலுக்குப் போனது. புல் முளைக்காத தடம். ஒரே ஆள் ஒவ்வொரு நாளும் நடந்தால்தான் அப்படி வரும்.

“மீனுக்குக் காகப் பாஷை படிப்பிச்ச வாத்தியார் அங்க இருக்கிறார்” என்றேன்.

“வாத்தியார் இல்லை. ரீச்சர்” என்றார் அக்கா. “செருப்பு அடையாளத்தைப் பாரும். சின்னக் கால்.”

அந்த வீட்டில் இருந்தவர் ஜெகதீஸ்வரி. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த வயற்காரக் குடும்பம். எங்களைக் கண்டதும் யார், எவர் என்று கேட்கவில்லை. “வாங்கோ, வாங்கோ, இருங்கோ” என்று இரண்டு கதிரையைத் தூசி தட்டி வைத்தார். தேத்தண்ணி போட்டார். வயலைக் குத்தகைக்கு விட்டது, முழங்கால் நோ, கனடாவில் மகள் இரண்டாவது பிள்ளைக்குக் காத்திருப்பது, பசு கன்று போட்டது, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னார். கதைக்க ஆள் கிடைக்காதவர்களின் அவசரம் எனக்குத் தெரியும். எனக்கும் அந்த வியாதி உண்டு.

குசினி மேசையில் இரண்டு சோற்றுக் கோப்பைகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. ஒன்று சின்னது. மற்றது ஒரு ஆம்பிளை வயிறாரச் சாப்பிடுகிற கோப்பை.

“வேற ஆரும் சாப்பிட வருவினமோ அம்மா?” அக்கா மெதுவாகக் கேட்டார்.

“இல்லைப் பிள்ளை. அது அவருக்கு. போய் மூண்டு வருசம்.”

அதற்குப் பிறகு ஒன்றும் கிண்ட வேண்டியிருக்கவில்லை. அவர் தானாகவே சொன்னார்.

“அவர் செத்த நாளிலயிருந்து காகத்துக்கு ஒரு பிடி வைக்காமல் நான் சாப்பிடுறதில்லை. உந்தப் பண்ணைக்காரர் வெடி கொளுத்தின பிறகு காகம் வரேல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை நொந்துபோச்சு. ஒரு கிழமை சோறு அப்பிடியே கிடந்தது. நான் பயந்துபோனன் பிள்ளை. அவருக்கு என்னில என்ன கோவம், கடைசி நேரத்தில ஆசுப்பத்திரியில நான் பக்கத்தில இல்லாமல் போனதோ எண்டு யோசிச்சு யோசிச்சு நித்திரையில்லை.”

“பிறகு?”

“காகம் எடுக்காத சோறு காலில மிதிபடக்கூடாது. தண்ணியிலதான் விடவேணும். வாய்க்கால் வத்திப்போய்க் கிடந்தது. கிட்டக் கிடந்த தண்ணி அந்தக் குளம்தான். போட்டன். போட்ட உடனே எல்லாம் ஓடிவந்து திண்டுதுகள். ஒரு பருக்கை மிச்சமில்லை.” அவர் கண்ணைத் துடைத்தார். “அவர் வாங்கிட்டார் எண்டு நினைச்சன். கோவமில்லை எண்டு விளங்கிச்சு. அண்டையிலயிருந்து தட்டத்தைத் தட்டி, கா கா எண்டு கூப்பிட்டுத்தான் போடுறனான். முதல் ஒரு பிடி. பிறகு ஒரு கோப்பை. இப்ப அவருக்கெண்டு தனிப்பானை. ஒரு சுண்டு அரிசி, பயறு, தேங்காய்ப்பூ. மாட்டின்ர பிண்ணாக்கிலயும் கொஞ்சம். அவர் நல்லாய்ச் சாப்பிடுற மனுசன்.”

நான் ஒரு பகிடியும் விடவில்லை.

அக்கா பரிசோதனையைப் பற்றிச் சொன்னார். நாலு மணியைப் பற்றிச் சொன்னார். ஜெகதீஸ்வரி தலையில் கை வைத்தார்.

“ஐயோ! என்ர சோத்தாலயோ ஒரு மனுசனைக் கள்ளன் எண்டினம்? அந்த மலைநாட்டாளையோ?”

“உங்களுக்கு அவரைத் தெரியுமோ?”

“காவலுக்கு ஒருத்தர் இருக்கிறார் எண்டு தெரியும். கதைச்சதில்லை.”

பதினொரு வருடம். நடுவில் ஒரு வாய்க்கால். அதுவும் வருடத்தில் பாதி நாள் தண்ணீர் இல்லாத வாய்க்கால். அவர் தோட்டத்திலிருந்து வந்தவர், இவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். ஒரே குண்டுக்கு ஓடி, ஒரே முகாமில் வரிசையில் நின்று, திரும்பிவந்த பிறகும் எங்கள் சனம் இந்த ஆள் பிரித்துப் பார்க்கும் கெட்டித்தனத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறது!

“உங்கட பேரைச் சொல்லாமலும் முடிக்கலாம்” என்றார் அக்கா. “அயல்வீட்டிலயிருந்து தீனி விழுந்தது எண்டு சொன்னால் போதும்.”

“ஏன் சொல்லாமல்? நான் வாறன்” என்றார் அவர்.

நாலு மணிக்குத் தவராசா மோட்டார்சைக்கிளில் வந்தார். கெட்டவர் அல்ல, அவசரக்காரர். வீரையா பெட்டியையும் பாயையும் கொட்டிலுக்கு வெளியே எடுத்து வைத்துவிட்டு, திறப்பை நீட்டிக்கொண்டு நின்றார். அந்த நேரம் ஜெகதீஸ்வரி முன்வாசலால் உள்ளே வந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார். நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை. கஜேந்தினி கேட்டுக்கொண்டே அழுதாள். தவராசா மீசையைத் தடவினார்.

“எனக்கென்னெண்டு தெரியும் அக்கா? சரி, விடுங்கோ. வீரையா, திறப்பை நீரே வச்சிரும். நான் அவசரப்பட்டுட்டன், மனசில வச்சிருக்காதையும்.” பிறகு கஜேந்தினியிடம் திரும்பினார். “நீ முதலிலயிருந்து தொடங்கு பிள்ளை. நாளைக்கே அந்த மூலையில தகரம் அடிச்சு மறைக்கிறன். இனி ஒரு பருக்கை உள்ளுக்கு விழாது.”

முடிந்தது. கொட்டில் தப்பியது, மனிதர் தப்பினார். நான் ஓட்டோத் திறப்பைக் கையில் எடுத்தேன்.

“மொதலாளி, தகரம் வேணாங்க.”

வீரையாவின் குரல். எல்லோரும் திரும்பினோம்.

“தீனி விழாம நா பாத்துக்கிறேன். ராப்பகலா மூலையிலயே நிக்கச் சொன்னாலும் நிக்கிறேன். தகரம் மட்டும் அடிச்சிராதீங்க.”

“ஏனப்பா?”

அக்காதான் சொன்னார். “வீரையா, இவா சோறு போடுறது உங்களுக்கு நாலு மாசமாய்த் தெரியும். சொல்லியிருந்தால் உங்களை ஒருத்தரும் கள்ளன் எண்டிருக்கமாட்டினம்.”

“சொன்னா வேலிய அடைச்சிருவாங்கம்மா.”

“அடைச்சால் உங்களுக்கென்ன?”

“அந்தம்மா பேசுறது கேக்காதுங்க.”

காலையில் அந்த மனிதரைப் பார்த்து நான் கோபப்பட்டதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

“மத்தியானம் சோத்தப் போட்டுட்டு, ஐயாகிட்ட பேசுற மாதிரி மீனுகிட்ட கொஞ்ச நேரம் பேசுவாங்க” என்றார் வீரையா. இப்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. “நா பூவரசுக்குப் பின்னால ஒக்காந்திருப்பேன். மக போன் பண்ணினது, முழங்காலு வலி, மாடு கன்னு போட்டது. மொதலாளி காலையில வந்து ரெண்டு வார்த்தை அதட்டிட்டுப் போயிருவாரு. அதுக்கப்புறம் பொழுதுக்கும் நா கேக்குற மனுசக் குரலு அதுதாங்க. அது இல்லாம இங்க இருக்குறதுக்கு, கள்ளனாப் போனாலும் பரவாயில்லன்னு நெனச்சேன்.”

தவராசா மோட்டார்சைக்கிளின் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்தார். “தகரம் இருக்கட்டும், பாப்பம்” என்று யாருக்கோ சொன்னார்.

ஜெகதீஸ்வரியின் முகம் சிவந்து போயிருந்தது. இரண்டடி முன்னால் வந்தார்.

“நான் கதைச்சதெல்லாம் கேட்டனீங்களோ?”

“ஆமாங்கம்மா. மன்னிச்சிருங்க.”

“ஆசுப்பத்திரிக் கதையையும்?”

“ஆமாங்கம்மா.”

அவர் வெட்கப்படப்போகிறார் என்று நினைத்தேன். இல்லை. அவருக்குக் கோபம்தான் வந்தது.

“நாலு மாசமாய்க் கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள். அப்ப ஏன் ஒருநாளாவது மறுமொழி சொல்லேல்லை?”

வீரையா திகைத்துப்போனார். “நீங்க ஐயாவத்தானேம்மா கேட்டீங்க?”

“அவர் சொல்லமாட்டார் எண்டு எனக்குத் தெரியாதோ?”

அக்கா என் தோளைத் தட்டி, போவோம் என்று சைகை காட்டினார். நாங்கள் ஓட்டோவில் ஏறும்வரை வீரையா திறப்பைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“நாளைக்குச் சொல்றேம்மா” என்றார்.